ஆய்வுத் தட்டில் அடங்கும் செல், இரைப்பையில் அடங்குமா?

96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், குழிக்குச் சில ஆயிரம் வீதம் இரைப்பைப் புற்றுநோய்ச் செல்களை இடுகிறார்கள். அவை அடியில் ஒட்டிக்கொண்டதும் ஊட்டநீர்மத்தில் சோடியம் பியூட்டிரேட்டைக் கலக்கிறார்கள். அளவு பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து மில்லிமோலார் வரை, சில சோதனைகளில் அதற்கும் மேலே. இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்த்தால், உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். பியூட்டிரேட் படாத குழிகள் அடர்ந்த ஊதாவில் நிற்க, நிறையப் பட்டவை வெளிறிப்போயிருக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் செய்யப்பட்டுவரும் இந்தச் சோதனை ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தந்திருக்கிறது: செல்களின் பெருக்கம் குறைகிறது, அளவு கூடினால் அவை சாகின்றன. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த விடையை வைத்துக்கொண்டு, நெய் இரைப்பைப் புற்றைத் தடுக்கும் என்றும் பியூட்டிரேட் மாத்திரை அதைக் குணமாக்கும் என்றும் சொல்லக் கிளம்பும்போதுதான் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. பியூட்டிரேட்டின் புற்றெதிர்ப்பு ஆற்றல் அந்தப் பொருளுக்குள் நிலையாகக் குடியிருக்கும் குணமல்ல. எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரம், எந்தச் செல் என்ற நான்கையும் பொறுத்தே அது தோன்றுகிறது, மறைகிறது. இரைப்பையைப் பொறுத்தவரை இந்த நான்கு கேள்விகளிலும் நம் கையிலுள்ள சான்று மெலிந்துதான் இருக்கிறது.

பியூட்டிரேட் நான்கே கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் வெண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். வெண்ணெய் கெட்டுப்போனால் மூக்கைத் துளைக்கும் வாடை இதனுடையதே. நம் உடலுக்குள் இது உருவாகும் முதன்மையான இடம் பெருங்குடல். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தையும் எதிர்ப்பு மாவுச்சத்தையும் அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டை எரித்துத்தான் பெறுகின்றன.

தட்டில் நடப்பதன் காரணம் 1970களிலேயே துலங்கத் தொடங்கிவிட்டது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. அந்த ஹிஸ்டோன்களில் அசிட்டைல் குழுக்கள் ஒட்டினால் சுற்று தளர்ந்து மரபணுக்கள் பேசத் தொடங்கும். டிஅசிட்டைலேஸ் நொதிகள் அவற்றைக் கழற்றினால் சுற்று இறுகி மரபணுக்கள் அடங்கும். 1977இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, பியூட்டிரேட் பட்ட செல்களில் ஹிஸ்டோன்கள் மாற்றமடைவதைக் காட்டியது. அடுத்த ஆண்டே, அது கழற்றும் நொதிகளைத் தடுப்பதால்தான் அசிட்டைல் குவிகிறது என்று வெவ்வேறு குழுக்கள் கண்டறிந்தன. 1997இல் ஜப்பானியர்கள், பெருங்குடல் புற்றுச் செல்களில் பியூட்டிரேட் பி21 என்ற மரபணுவை எழுப்பிவிடுவதைக் காட்டினார்கள். பி21 செல் பிரிதலுக்குத் தடைபோடும் புரதம். வழக்கமாக அதை எழுப்புவது பி53 என்ற காவல் புரதம். பல புற்றுநோய்களில் பி53 பழுதாகிக் கிடக்கும். பி53 இல்லாத செல்லிலும் பியூட்டிரேட் நேரே பி21ஐ எழுப்பியது என்பதுதான் அந்த ஆய்வின் அழகு. இரைப்பைச் செல்களில் பின்னர் நடந்த ஆய்வுகளும் இதே தடத்தில் போயின. செல் சுழற்சி நின்றது, மைட்டோகாண்ட்ரியா வழியாகச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் பாதை திறந்தது. பொறிமுறை என்ற அளவில் இது கெட்டியான அறிவு.

இப்போது இதன் மறுபக்கம். அதே பியூட்டிரேட் நலமான செல்லை வளர்க்கவும் செய்கிறது. பால் மட்டும் குடிக்கும் கன்றின் முதல் இரைப்பையைத் திறந்து பார்த்தால் உட்சுவர் மழமழவென்று இருக்கும். தவிடும் தானியமும் தின்னத் தொடங்கிய கன்றுக்கோ அங்கே விரல் போன்ற நீட்சிகள் அடர்ந்து எழும்பியிருக்கும். அவற்றை எழுப்புவது தீவனம் நொதிக்கும்போது பிறக்கும் அமிலங்கள், அவற்றிலும் குறிப்பாகப் பியூட்டிரேட். 1959இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோடியம் பியூட்டிரேட்டை நேராகக் கன்றின் இரைப்பைக்குள் செலுத்தியே இதை நிறுவினார்கள். ஆக, ஓர் இரைப்பையின் சுவரை வளர்க்கும் பொருளே இன்னோர் இரைப்பையின் புற்றுச் செல்லை நிறுத்துகிறது. இந்தப் புதிருக்கு 2012இல் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு ஒரு நல்ல விடை தந்தது. நலமான பெருங்குடல் செல் பியூட்டிரேட்டை மைட்டோகாண்ட்ரியாவில் எரித்துவிடுவதால் அது அணுக்கருவில் தங்குவதில்லை. புற்றுச் செல் குளுக்கோஸையே பெரிதும் நம்பி வாழ்வதால் எரியாத பியூட்டிரேட் கருவுக்குள் குவிந்து டிஅசிட்டைலேஸ் நொதிகளைத் தடுக்கிறது. அந்தக் குளுக்கோஸ் சார்பை மாற்றிவிட்டால் புற்றுச் செல்லும் பியூட்டிரேட்டை உண்டு பெருகுகிறது. 2014இல் வந்த இன்னோர் ஆய்வு மேலும் சங்கடமானது. டி.என்.ஏ. பழுது நீக்கும் ஒரு மரபணுவை இழந்த எலிகளின் குடலில் பியூட்டிரேட் கட்டி உருவாவதற்கே துணைபோனது. இவை பியூட்டிரேட்டின் மீதான குற்றப்பத்திரிகை அல்ல. அது நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்பதில் பொருளில்லை என்பதற்கான சான்றுகள்.

இனி, எந்தச் செல்? இந்தத் துறையில் நான் மிகவும் கவலையோடு பார்க்கும் இடம் இதுதான். டிரைபியூட்டிரின் என்பது மூன்று பியூட்டிரேட்டைக் கிளிசராலோடு கோத்த சேர்மம், உடலில் மெல்லப் பிரிந்து பியூட்டிரேட்டை விடும். 2003இல் வந்த ஓர் ஆய்வு, அது எஸ்.ஜி.சி-7901 என்ற இரைப்பைப் புற்றுச் செல்களின் வளர்ச்சியை நிறுத்தி அவற்றைச் சாகடித்தது என்று சொன்னது. அன்றைக்கு அந்த ஆய்வாளர்கள் நேர்மையாக உழைத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பின்னாளில் மரபணுக் கைரேகை எடுத்துப் பார்த்தபோது எஸ்.ஜி.சி-7901 என்ற பெயரில் உலவிய செல்கள் ஹீலா செல்களின் வழிவந்தவை என்று தெரிந்தது. ஹீலா 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டது. வேகமாகப் பெருகும் அந்தச் செல் ஒரு துளி சிந்தினாலும் அடுத்த குடுவையைத் தனதாக்கிக்கொள்ளும். இரைப்பை ஆய்வில் அடிக்கடி வரும் பி.ஜி.சி-823க்கும் இதே கதைதான். எம்.கே.என்-28 உண்மையில் எம்.கே.என்-74இன் இன்னொரு பெயர். சீனாவில் பயன்பாட்டிலிருந்த செல் மாதிரிகளை 2015இல் பரிசோதித்தபோது ஏறத்தாழ நான்கில் ஒன்று கலப்படம் என்று வந்தது. கலப்படச் செல் வரிசைகளின் சர்வதேசப் பட்டியல் இன்று யாரும் பார்க்கும்படி இருக்கிறது. இருந்தும் அந்தப் பழைய ஆய்வுகள் இரைப்பைப் புற்றுக்கான சான்றாக மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டே போகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஹிஸ்டோன் எல்லாச் செல்லிலும் ஹிஸ்டோன்தானே, எந்த உறுப்பின் செல்லானால் என்ன என்பார்கள். பொதுவான பொறிமுறையைப் பற்றிப் பேசினால் இந்த மறுப்பு சரியே. ஆனால் 1977ஆம் ஆண்டு ஆய்வே ஹீலா செல்களிலும் செய்யப்பட்டதுதான். அப்படியானால் கலப்படச் செல்லில் செய்த ஆய்வு நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் மீண்டும் சொல்கிறது, இரைப்பையைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லவில்லை. இரைப்பைக் கட்டிகளோ தங்களுக்குள்ளேயே பெரிதும் வேறுபடுபவை. உண்மையான இரைப்பைச் செல்லான ஏ.ஜி.எஸ்.இல் பி53 நலமாக இருக்கிறது. இன்னோர் உண்மைச் செல்லான கேட்டோ-3இல் அது அறவே இல்லை. சில கட்டிகள் இன்னும் தந்திரமானவை. பியூட்டிரேட்டைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் வாயில்களில் ஒன்று எஸ்.எல்.சி.5ஏ8 என்ற புரதம். பெருங்குடல் புற்றிலும் பின்னர் இரைப்பைப் புற்றிலும் இந்த மரபணு மெத்தில் பூட்டிட்டு அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். வாயிலை மூடிக்கொண்ட செல்லுக்கு வெளியில் எவ்வளவு மருந்து இருந்து என்ன பயன்? ஊதாச் சாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. செல்களின் எண்ணிக்கையை நேராக எண்ணுவதில்லை. பியூட்டிரேட் தானே ஓர் எரிபொருள், வளர்சிதை மாற்றத்தையே திருப்பிவிடும் பொருள். அதன் விளைவை இந்தச் சாயத்தால் மட்டும் அளந்த ஆய்வை நான் அரைச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

எவ்வளவு, எங்கே என்ற கேள்விகளுக்கு மிகத் தெளிவான விடை 1987இல் ஜான் கம்மிங்ஸ் குழு பிரிட்டனில் செய்த ஆய்வில் இருக்கிறது. திடீரென இறந்தவர்களின் உடல்களில் குடலின் உள்ளடக்கத்தையும் இரத்தத்தையும் எடுத்து அளந்தார்கள். பெருங்குடலின் தொடக்கத்தில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் மூன்றும் மொத்தமாகக் கிலோவுக்கு 130 மில்லிமோல் அளவுக்கு இருந்தன. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் பியூட்டிரேட் சுமார் 29 மைக்ரோமோலார். கல்லீரலைத் தாண்டிய பொது இரத்தத்தில் சுமார் 4 மைக்ரோமோலார். இரைப்பையின் சுவருக்கு வந்து சேர்வது தமனி வழியாக வரும் இந்தப் பொது இரத்தம்தான். தட்டில் இரண்டு மில்லிமோலார் ஊற்றும் ஆய்வாளர், இரைப்பைச் செல் தன் வாழ்நாளில் இரத்தத்திலிருந்து காண்பதைப் போல 500 மடங்கை அதற்குக் காட்டுகிறார். பெருங்குடல் செல்லுக்கு இரண்டு மில்லிமோலார் அன்றாட நிலை. அங்கே தட்டுச் சோதனை உடலின் நிலைமையை ஓரளவு நியாயமாகவே ஒத்திருக்கிறது. பெருங்குடல் புற்றில் நியாயமாக இருக்கும் தர்க்கத்தை இரைப்பைக்கு அப்படியே தூக்கிவைத்ததில்தான் தவறு நேர்ந்தது என்பது என் கணிப்பு.

அப்படியானால் வாய் வழியே கொடுத்தால்? நெய்யைப் பற்றிப் பேசுபவர்கள் இங்கே ஒரு நல்ல புள்ளியை முன்வைக்கலாம், அதை அவர்கள் சார்பாக நானே வைக்கிறேன். பால் கொழுப்பின் எடையில் மூன்று நான்கு சதவீதம் பியூட்டிரிக் அமிலம். இரைப்பையில் சுரக்கும் கொழுப்புச் செரிப்பு நொதி, பால் கொழுப்பில் பியூட்டிரேட் ஒட்டியிருக்கும் ஓரத்தைத்தான் விரும்பிக் கத்தரிக்கிறது. எனவே நெய் சாப்பிட்டால் இரைப்பைக்குள்ளேயே கொஞ்சம் பியூட்டிரேட் விடுபடும் என்பது உண்மை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி நெய் ஐந்து கிராம் என்றால் அதில் பியூட்டிரிக் அமிலம் ஏறத்தாழ 0.17 கிராம், அதாவது சுமார் இரண்டு மில்லிமோல். சோறும் நீருமாக இரைப்பையில் அரை லிட்டர் இருந்தால், முழுதும் பிரிந்துவிட்டால்கூட, நான்கு மில்லிமோலார். தட்டின் அளவு வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் இரைப்பை நொதி பிரிப்பது ஒரு சிறு பங்கையே. விடுபட்டதும் சில மணி நேரத்தில் குடலுக்குப் போய்விடும். தட்டில் செல்கள் 48 மணி நேரம், 72 மணி நேரம் அதிலேயே ஊறுகின்றன. ஹிஸ்டோன் மீதான விளைவும் பியூட்டிரேட்டை நீக்கியதும் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் இயல்புடையது. போதாததற்கு, இரைப்பைப் புற்று சளிப்படலத்துக்கு அடியில், சுவரின் ஆழத்தில் ஊடுருவி வளர்வது. மேற்பரப்பைத் தொட்டுவிட்டுப் போகும் அமிலம் ஆழத்திலுள்ள செல்லை எட்டும் என்று நம்ப எந்தச் சான்றும் இல்லை. நெய்யை அதன் ருசிக்காகச் சாப்பிடலாம்.

நோயாளிகளிடம் நேரடியாகவே முயன்று பார்த்திருக்கிறார்கள், இந்த ஆய்வுகளைப் பற்றி நம் ஊடகங்கள் பேசுவதே இல்லை. 1987இல் இரத்தப் புற்று நோயாளிகள் 9 பேருக்குச் சோடியம் பியூட்டிரேட்டைப் பத்து நாள் இடைவிடாமல் சிரை வழியே ஏற்றினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 கிராம். அவ்வளவு ஏற்றியும் இரத்தத்தில் உயர்ந்த அளவு 60 மைக்ரோமோலாரைத் தாண்டவில்லை. ஏற்றுவதை நிறுத்தினால் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை பாதி மறைந்தது. நோய் குறையவில்லை. அடுத்து, மெல்லப் பிரியும் டிரைபியூட்டிரினை வாய் வழியே கொடுத்தார்கள். 1998லும் 2003லும் வெளியான இரண்டு தொடக்கநிலைச் சோதனைகளில் திடக்கட்டி நோயாளிகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள்; கட்டி கண்கூடாகச் சுருங்கியது என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. இந்த மூன்று சோதனைகளும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: உடலுக்குப் பியூட்டிரேட் உணவு. வந்தால் எரித்துவிடும். அதை மருந்தாக இரத்தத்தில் நிறுத்திவைக்க உடல் விடாது.

இதற்கு ஆய்வாளர்கள் தரும் பதில்களில் இரண்டு கனமானவை. முதலாவது, எலிகளில் மனிதக் கட்டியை வளர்த்துப் பியூட்டிரேட் கொடுத்தபோது அது சுருங்கியதே என்பது. தோலுக்கடியில் பொருத்திய கட்டிக்கு, எலியின் எடைக்கு மிகப் பெரிய அளவில், சில சமயம் பக்கத்திலேயே ஊசி போட்டு வந்த முடிவு அது. இரைப்பைச் சுவரில் பல ஆண்டு அழற்சியின் மேல் முளைக்கும் மனிதக் கட்டிக்கு அது பதிலாகாது. இரண்டாவது, பியூட்டிரேட் காட்டிய வழியில் வலுவான செயற்கை மருந்துகள் வந்துவிட்டனவே என்பது. இது உண்மை, இதில் பியூட்டிரேட்டுக்குப் பெருமையும் உண்டு. டிஅசிட்டைலேஸ் தடுப்பானான வோரினோஸ்டாட் 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் ஒருவகைத் தோல் நிணநீர்ப் புற்றுக்கு. இரைப்பைப் புற்றில் கீமோதெரபியோடு சேர்த்துத் தென் கொரியாவில் முயன்ற இரண்டாம் கட்டச் சோதனை எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை. மைக்ரோமோலார் அளவிலேயே அதே நொதியைத் தடுக்கும் மருந்தே தடுமாறிய இடத்தில், மில்லிமோலார் கேட்கும் பியூட்டிரேட் வெல்லும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

நோயெதிர்ப்பு வழியையும் சொல்லியாக வேண்டும். இங்கே மைக்ரோமோலார் அளவும் பொருட்டாகலாம். பியூட்டிரேட் அழற்சியைத் தணிக்கும் டி செல்களைப் பெருக்குகிறது என்று 2013இல் நேச்சரிலும் சயன்ஸிலும் ஆய்வுகள் வந்தன. அழற்சியால் தொடங்கும் நோய்க்கு இது நல்லது. கட்டி வந்தபின் அதே தணிவு கட்டிக்குக் கவசமாகவும் ஆகலாம். 2020இல் பிரான்ஸில் வந்த ஆய்வில், இரத்தத்தில் பியூட்டிரேட்டும் புரோப்பியோனேட்டும் மிகுந்த மெலனோமா நோயாளிகளிடம் இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து குறைவாகவே வேலை செய்தது. அதே ஆண்டு கியோட்டோவில் வேறுவகை நோயெதிர்ப்பு மருந்துகளைப் பெற்றவர்களைப் பார்த்தபோது, மலத்தில் இந்த அமிலங்கள் மிகுந்தவர்களுக்கு நோய் முற்றாமல் நீண்ட நாள் நின்றது. அவற்றில் ஒன்றான நிவோலுமாப் இன்று இரைப்பைப் புற்றின் வழக்கமான சிகிச்சையில் சேர்ந்துவிட்டது. அதைப் பெறும் நோயாளி மருத்துவரிடம் சொல்லாமல் பியூட்டிரேட் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது எந்தப் பக்கம் சாயும் என்று இந்த இரண்டு ஆய்வுகளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கு அதுவே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் நார்ச்சத்தை நான் கைவிடச் சொல்லவில்லை; அதற்கு இரைப்பை சார்ந்தே ஒரு சான்று இருக்கிறது. 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நார்ச்சத்து அதிகம் உண்பவர்களிடம் இரைப்பைப் புற்று கணிசமாகக் குறைந்திருப்பதாகச் சொன்னது. அதில் சேர்ந்தவை பெரும்பாலும் நோய் வந்தபின் பழைய உணவை நினைவுகூரச் சொன்ன ஆய்வுகள். இரைப்பை நோயாளி பல மாதங்களாகவே கடினமான உணவைத் தவிர்த்து வந்திருப்பார் என்பதால் அதைப் பெரிதாக எடுக்க முடியாது. ஆனால் காப்-2 சோதனை அப்படிப்பட்டதல்ல. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் தலைமையில், பரம்பரையாகப் புற்று வரும் லிஞ்ச் நோய்க்குறி உள்ள 918 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 463 பேருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் எதிர்ப்பு மாவுச்சத்தும் மற்றவர்களுக்குப் போலி மாவும் கொடுத்தார்கள். பெருங்குடலில் பியூட்டிரேட்டைப் பெருக்கிப் பெருங்குடல் புற்றைத் தடுப்பதே எண்ணம். பத்தாண்டுக்கும் மேலான கண்காணிப்புக்குப் பிறகு 2022இல் முடிவு வந்தபோது பெருங்குடலில் எந்த வித்தியாசமும் இல்லை. இரைப்பை, முன்சிறுகுடல், பித்தநாளம், கணையம் ஆகியவற்றைச் சேர்த்த மேல் செரிமானப் பகுதியிலோ மாவுச்சத்து உண்டவர்களிடம் 5 புற்றுகள், போலி மாவு உண்டவர்களிடம் 21. பியூட்டிரேட் வெள்ளமாகப் பாயும் இடத்தில் பயனில்லை, அது எட்டாத இடத்தில் பயன் தெரிகிறது. பித்த அமிலங்களின் மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எண்கள் சிறியவை, அது சோதனையின் முதன்மை இலக்கும் அல்ல, லிஞ்ச் குடும்பங்களுக்கு வெளியே பொருந்துமா என்பதும் தனிக் கேள்வி. ஆனாலும் நார்ச்சத்தின் நன்மை முழுவதையும் பியூட்டிரேட்டின் கணக்கில் எழுதும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எதிர்ச்சான்றை நான் பார்த்ததில்லை. சோற்றை ஆறவைத்தால் அதில் எதிர்ப்பு மாவுச்சத்து கூடும் என்பது உண்மையே. ஆனால் 100 கிராமுக்கு ஓரிரு கிராம் அளவில்தான். பழைய சோற்றை இந்தச் சோதனையின் 30 கிராமோடு ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தடுப்பு என்று வந்தால் உணவுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்தியாவில் மிசோரமின் ஐசாலும் நம் சென்னையும் இரைப்பைப் புற்று கூடுதலாகப் பதிவாகும் இடங்கள். அங்கே இதைத் தடுக்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை 1994இலேயே அதை உறுதியான புற்றுக்காரணியாக அறிவித்தது. அதை மருந்தால் நீக்கினால் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

பியூட்டிரேட் ஆய்வு இரைப்பையில் முன்னேற வேண்டுமென்றால், இன்னொரு தட்டில் இன்னொரு மில்லிமோலார் சோதனை வேண்டியதில்லை. ஒரே நோயாளியின் நலமான திசுவிலிருந்தும் கட்டியிலிருந்தும் வளர்க்கும் சிற்றுறுப்புகளை அருகருகே வைத்து, உடலில் காணும் அளவிலும் உணவுக்குப் பின் ஏறி இறங்கும் கால அளவிலும் பியூட்டிரேட்டைக் காட்ட வேண்டும். வாயில் புரதம் திறந்திருக்கும் கட்டிகளையும் அடைத்த கட்டிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரைப்பையை வெட்டியெடுக்கும் அறுவைக்குக் காத்திருப்பவர்களின் ஒப்புதலோடு, அவர்களுடைய சிகிச்சை ஒரு நாளும் தள்ளிப்போகாதபடி, சில நாள் டிரைபியூட்டிரின் கொடுத்து, எடுத்த கட்டியின் மேற்பரப்பிலும் ஆழத்திலும் ஹிஸ்டோன் அசிட்டைல் அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். மாறியிருந்தால் மேலே செல்லக் காரணம் கிடைக்கும். மாறவில்லையென்றால், அந்தப் பணமும் உழைப்பும் ஹெலிகோபேக்டர் பரிசோதனைக்கும் முன்கூட்டியே நோயறியும் எண்டோஸ்கோபிக்கும் போய்ச் சேரட்டும்.